செருப்பின் முனை

யோகா, அந்தப் படப் புத்தகத்தை மூடி வை. கியோட்டோவில் ஹோட்டல் வேண்டாம், பழைய வீடாகப் பார்த்துத்தான் தங்குவாயா? நல்ல ஆசை. லைட்டை அணை... ஹீட்டர் வெளிச்சம் போதும். என் சகலனின் தமையன் ஜெயரட்ணத்துக்கு நடந்ததைக் கேள். பிறகு இடம் பார்.

எழுபத்து நாலு, நவம்பர். பொழுதுபட்டு ஆறு மணி. கியோட்டோவில் வாய்க்காலோரம் ஒடுங்கிய தெரு ஒன்று... ஆள் அரவமே இல்லை. ஜெயரட்ணம் பெட்டியோடு முன்னால், மனைவி நாகேஸ்வரி பின்னால். இதே சிட்னி ஹோம்புஷில் இருந்தவர்கள்தான். கம்பனி அவனை ஒசாகாவுக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. அது முடிந்து ஊர் பார்க்கப் போனார்கள்.

தங்க வேறு இடமா இல்லை? ஸ்டேஷனுக்கு எதிரே புது ஹோட்டல். மலையடியில் துறவிகளே அறை கொடுக்கும் கோயில். இரண்டும் நாகேஸ்வரிக்குப் பிடிக்கவில்லை.

“சிட்னியிலயும் கொங்கிரீட், இஞ்சயும் கொங்கிரீட்டே? கோயிலெண்டால் விடிய முன்னம் எழுப்பிப்போடுவினம். எனக்கு அந்த வாய்க்கால் வீடுதான் வேணும்.”

கலியாணமாகிப் பல வருடம், பிள்ளை இல்லை. அவள் வாய் திறந்து ஒன்றைக் கேட்பதே அபூர்வம். ஜெயரட்ணம் சரி என்றான்.

மர வீடு. பாயில் ஈர வைக்கோல் மணம்... அதற்குள் அணைந்த ஊதுவத்தி மணம். வீட்டுக்காரக் கிழவி, வாசலில் கழற்றிய செருப்புகளை முனை தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். புறப்படுகிறவர் அப்படியே காலை நுழைத்துப் போகலாம். அது அவர்கள் மரியாதை.

பின்னால் ஓர் அறை. கடதாசிக் கதவு, எப்போதும் சாத்தியபடி. உள்ளே... டக்... டக்... சின்ன மரச் செருப்பு நடக்கும் சத்தம். யாரென்று நாகேஸ்வரி சைகையில் கேட்டாள். கிழவி தன் இடுப்பளவில் கையைக் காட்டினாள். பிறகு வாய்க்காலைக் காட்டினாள். அவ்வளவுதான்.

உடனே வேறு இடம் போவோம் என்றான் ஜெயரட்ணம். அவள் அசையவில்லை. இருந்த நாளெல்லாம் அந்தக் கதவடியிலேயே இருந்தாள்.

புறப்படும்போது கிழவி உதட்டில் விரல் வைத்தாள். பேசாமல் போங்கள் என்று. ஆனால் எங்கள் சனத்துக்கு அது வருமா? செத்த வீட்டில் மட்டும்தானே நாங்கள் சொல்லாமல் எழும்புவோம். நாகேஸ்வரி கதவைப் பார்த்து, போய் வருவதாகச் சொன்னாள்:

“போட்டு வாறன், பிள்ளை.”

சத்தம் நின்றது.

சிட்னிக்கு வந்த மறுநாள் காலை, பிளாட் வாசலில் அவளுடைய செருப்பு படிக்கட்டைப் பார்க்கத் திரும்பியிருந்தது. ஜெயரட்ணம் திருப்பி வைத்தான். அடுத்த காலையும் அப்படியே. அலுமாரியில் பூட்டினான்... விடிய வாசலில் கிடந்தது, ஈரமாக. குப்பையில் எறிந்துவிட்டுப் புதுசு வாங்கினான். அதுவும் திரும்பியது.

“சொல்லிப்போட்டு வந்தனான். பிள்ளை பாத்துக்கொண்டு நிக்கும்” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள் நாகேஸ்வரி. சோறும் இல்லை, நித்திரையும் இல்லை. ஒருநாள் அவளை ஸ்டேஷன் மேடையில் பிடித்தான். கையில் பாஸ்போர்ட். “என்னை விட்டிட்டுப் போகாதை” என்று அத்தனை சனத்துக்கும் முன்னால் அழுதான், பாவம்.

கடைசியில் தம்பியை, அதுதான் என் சகலனை, அவளுக்குக் காவல் வைத்துவிட்டுத் தானே கியோட்டோவுக்குப் போனான். அந்தக் கடதாசிக் கதவுக்கு முன்னால் முழங்காலில் விழுந்து, எங்கள் ஆட்கள் வாயால் சொல்லாததைச் சொன்னான்.

“நாங்கள் போறம். அவ இனி வரமாட்டா.”

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. மனம் லேசாகித் திரும்பினான்.

ஏர்போர்ட்டுக்கு வந்த தம்பி, “அண்ணி நேற்றிலயிருந்து நல்லாச் சாப்பிடுறா” என்றான். வாசலில் அவளுடைய செருப்பு மட்டும், அவள் கழற்றி விட்டபடியே, திரும்பாமல் கிடந்தது. ஜெயரட்ணம் அப்போதுதான் மூச்சு விட்டான்.

குசினிக்குள் நாகேஸ்வரி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று சாப்பாட்டுக் கோப்பையில்.

“தம்பி நிக்கேல்லையே, போயிட்டானே. ஆருக்கு மற்றது?”

அவள் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

“சத்தம் போடாதையுங்கோ. இப்பதான் படுத்தவள்.”

அவன் ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்தான்.

அவளுடைய செருப்புக்குப் பக்கத்தில் சின்ன மரச் செருப்பு ஒரு சோடி. நீர் சொட்டிக்கொண்டிருந்தது... முனை வீட்டுக்குள் பார்த்தபடி.