ஒரு வரி, ஒரு நிறம்

எனக்கு நீளமான கூட்டங்கள் பிடிக்காது. இதை ஒரு குற்றமாக எழுதிக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். உங்களுக்கும் பிடிக்காதுதான், நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து நீங்கள் அடிக்கடி கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

எங்கள் கம்பெனி லிஃப்ட் செய்கிறது. வடிவமைப்பு, தொழிற்சாலை, சோதனை, பொருத்துதல் என்று நான்கு பிரிவுகள். ஒரு பிரிவில் நடப்பது மற்றப் பிரிவுகளுக்குத் தெரிய வேண்டும். தெரியப்படுத்துவது என் வேலை. ஒருங்கிணைப்பு மேலாளர் என்று என் அறைக் கதவில் பலகை இருக்கிறது. எல்லோரும் வேலை செய்வார்கள், இவர் அதைச் சொல்லுவார் என்று என்னைப் பற்றி ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டது என் மச்சான்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். சோதனைப் பிரிவுக்குத் தலைவர். ஆளும் பெரிது, குரலும் பெரிது. அடுத்தவர் தட்டில் இருக்கும் பிஸ்கெட்டைப் பேசிக்கொண்டே எடுத்துத் தின்றுவிடுவார், யாரும் கோபித்துக்கொண்டதில்லை. எல்லாவற்றையும் கேள்வி கேட்பதால் கம்பெனியில் அவருக்குப் பட்டப்பெயர் ‘சந்தேகம்’. எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதை ஒருநாளும் அவர் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமைதோறும் கூட்டம் நடக்கும். நான்கு பிரிவின் நிலவரத்தையும் நான் எழுந்து நின்று வாசிப்பேன். ஒரு திங்கட்கிழமை பாதி வாசித்துக்கொண்டிருக்கும்போது மச்சான் குறுக்கிட்டார்.

“மாப்பிள்ளை, நீங்க சொல்றது போன மாசத்து நிலவரம்.”

“எப்ப மாறுச்சு மச்சான்?”

“மேல இருந்து இறங்கி வந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். லிஃப்ட்டு கம்பெனிதானே, படி கூட இறங்க வேண்டாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு யார் மேலும் பகை கிடையாது.

அன்று சாயந்திரமே முதலாளியின் அறைக்குப் போய், கூட்டங்களால் எவ்வளவு உழைப்பு வீணாகிறது என்று விளக்கினேன். இந்தக் காலத்தில் யார் உட்கார்ந்து பேசுகிறார்கள், ஒரு மென்பொருள் வாங்கினால் அவரவர் இடத்திலிருந்தே நிலவரத்தைப் போட்டுவிடலாம் என்றேன். அவருக்குப் பிடித்துவிட்டது.

“எளிமையா ஒண்ணு பாருங்க. எனக்கு ஓடுதா நிக்குதான்னு தெரிஞ்சா போதும்,” என்றார்.

மூன்று கம்பெனிக்காரர்கள் வந்து செய்து காட்டினார்கள். முதல் மென்பொருளில் எல்லாமே இருந்தது. எங்கே என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. அதை விற்க வந்தவரே ஒரு பொத்தானைத் தேடிக் கடைசிவரை கண்டுபிடிக்காமல் போனார். இரண்டாவது, மச்சானுக்குப் பிடித்தது. யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம், படம் போடலாம், மற்றவர்கள் அதற்குக் கீழே பதில் கேட்கலாம்.

“இதுல ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் அழிக்க முடியாது. அது ஒண்ணே போதும் மாப்பிள்ளை,” என்றார்.

எனக்கு அதைப் பார்த்ததும் தலை சுற்றியது. திங்கட்கிழமைக் கூட்டத்தை அப்படியே தூக்கித் திரையில் வைத்தது போல இருந்தது. வாரம் முழுவதும் திங்கட்கிழமை.

மூன்றாவது மென்பொருளைக் கொண்டுவந்தவர் ஓர் இளம்பெண். ஒரு பிரிவுக்கு ஒரு வரி, ஒரு நிறம். சரியாக நடந்தால் பச்சை, தாமதமானால் மஞ்சள், நிறுத்த வேண்டுமானால் சிவப்பு. புதிய வரியைப் போட்டால் பழைய வரி போய்விடும். பழசையெல்லாம் சேர்த்து வைத்துச் சுமை ஏற்றிக்கொள்வதில்லை. நிர்வாகி ஒருவர் மட்டும் எல்லோருடைய வரியையும் திருத்தலாம். திருத்தினாலும் எழுதியவர் பெயர்தான் அதில் நிற்கும்.

“எழுத்துப்பிழை இருந்தா சரிபண்றதுக்கு சார்,” என்றது அந்தப் பெண்.

நான் அதைத் தேர்ந்தெடுத்தேன். இன்றைக்கும் சொல்கிறேன், நல்ல தேர்வு. உங்கள் அலுவலகத்துக்கும் ஒத்துவரும்.

நிர்வாகி நான்தான். திங்கட்கிழமைக் கூட்டம் நின்றது. நிலவரத்தை வாயால் சொல்லக்கூடாது, தொலைபேசியில் கேட்கக்கூடாது, திரையில் இருப்பதே முடிவு என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினேன். வரவேற்பறைச் சுவரில் பெரிய திரை மாட்டினோம். கம்பெனி எவ்வளவு அமைதியாகிவிட்டது தெரியுமா? என் அறையில் விசிறி சுற்றும் சத்தம் எனக்கு முதல்முறையாகக் கேட்டது.

ஆரம்பத்தில் நான் எழுத்துப்பிழையை மட்டும்தான் திருத்தினேன். தொழிற்சாலைக்காரர்களுக்கு ஒற்றெழுத்தோடு ஏதோ விரோதம். பிறகு நீண்ட வரிகளைச் சுருக்கினேன். பிறகு மஞ்சள். தாமதம் என்று போடுகிறவன் எப்படியும் இரண்டு நாளில் முடித்துவிடுவான், முடித்தால் பச்சை. இரண்டு நாள் முன்னால் பச்சையாக்குவதில் யாருக்கு நஷ்டம்? முதலாளி திரையைப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். பதினெட்டு வருஷத்தில் அவர் என் தோளைத் தொட்டதில்லை.

மச்சானுக்குத்தான் ஒரு வரியில் பேச வரவில்லை. அவருடைய வரி கல்யாண ஊர்வலம் மாதிரி போய்க்கொண்டே இருக்கும். புதிதாக வந்த பிரேக்குகளைப் பற்றி அவர் எழுதிய வரி எனக்கு மனப்பாடம். “பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் ஓயாமல் ஓடிச் சூடேறினால் வழுக்குகிறது, இவற்றை எந்தக் கட்டடத்துக்கும் அனுப்ப வேண்டாம்.” சிவப்பு.

அன்றைக்குப் பார்த்து ஒரு பெரிய கட்டட நிறுவனத்தார் எங்களைப் பார்க்க வந்திருந்தார்கள். முதலாளி அவர்களைத் திரையின் முன்னால் நிறுத்தப்போகிறார். முழுத் திரையும் பச்சையாக இருக்க, நடுவில் இது மட்டும் வெள்ளைச் சட்டையில் மை கொட்டின மாதிரி. நான் அந்த வரியை இரண்டு முறை படித்தேன். ‘ஆனால்’ என்ற சொல்லில்தான் தொல்லையே என்று தோன்றியது. மச்சான் வாழ்நாள் முழுவதும் அந்தச் சொல்லை வைத்துத்தான் பிழைத்தார். நான் அதிலிருந்து கடைசிவரை எடுத்துவிட்டேன். “பிரேக் நன்றாகப் பிடிக்கிறது” என்பது மிஞ்சியது. அது பொய் இல்லை, கவனியுங்கள். அவர் எழுதியதுதான். வாக்கியத்துக்கு ஏற்ற நிறத்தைப் போட்டேன்.

மறுநாள் அவர் மறுபடியும் சிவப்பு போட்டார். நான் மறுபடியும் திருத்தினேன். அவர் பொருத்துதல் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். “திரையில பச்சை இருக்கு சார், வாய்வார்த்தையை எடுத்துக்கக் கூடாதுன்னு உத்தரவு,” என்று பணிவாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நடைமுறை வேரூன்றிவிட்டது என்பதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். வழக்கமாகத் தங்கையை வம்புக்கு இழுத்துக்கொண்டே சாப்பிடுகிறவர், தலை நிமிரவில்லை.

“மாப்பிள்ளை, நான் சிவப்பு போடறேன். கொஞ்ச நேரத்துல பச்சை ஆயிடுது. எனக்குக் கண்ணுல கோளாறா?”

“சாஃப்ட்வேர்ல ஏதோ கோளாறு மச்சான். அவங்ககிட்ட சொல்லிட்டேன், சரி பண்ணிடுவாங்க.”

“அதுவரைக்கும் பிரேக்கை அனுப்பாம நிறுத்தி வைக்கச் சொல்லுங்க.”

“சொல்றேன்.”

“மறந்துடாதீங்க மாப்பிள்ளை. உங்களை நம்பித்தான் முதலாளிகிட்ட போகாம இருக்கேன். நேரா போனா உங்களை மதிக்காத மாதிரி ஆயிடும்.”

என் மனைவி குழம்புக் கரண்டியோடு நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் போனபிறகு கேட்டாள்.

“அண்ணன் சொல்றது உங்களுக்குத் தெரியுமா?”

“எது?”

“அதான், நிறம் தானா மாறுதுன்னு. தானா எப்படிங்க மாறும்?”

இயந்திரம் என்றால் அப்படித்தான் என்றேன். அவள் பாத்திரங்களைக் கழுவப் போய்விட்டாள். நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்பார்கள். திங்கட்கிழமைக் கூட்டம் திரும்பி வந்துவிடும்.

மீதி உங்களுக்குத் தெரியும். ஆறு மாடிக் கட்டடம், மேல் மாடியில் கண் ஆஸ்பத்திரி, இலவசப் பரிசோதனை நாள். லிஃப்ட் காலையிலிருந்து ஓயாமல் ஏறி இறங்கியிருக்கிறது. மேல் மாடியில் நின்று, கதவு திறந்திருந்தபோதே பெட்டி கீழே நழுவத் தொடங்கியது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் ஒரு காலை உள்ளே வைத்திருந்தார். புகைப்படங்கள் உங்களிடம் இருக்கும். உள்ளே இருந்தவர்களில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியைக்கு முதுகெலும்பு போய்விட்டது. இனி நடக்கமாட்டார் என்கிறார்கள். வருத்தமான விஷயம். கடைக்காரர் வீட்டுக்கு நான் கம்பெனி சார்பில் மலர்வளையம் அனுப்பினேன்.

நீங்கள் வந்தபோது திரையில் மச்சான் பெயருக்கு நேரே “பிரேக் நன்றாகப் பிடிக்கிறது” என்று இருந்தது. பச்சை. அவரை அழைத்துக்கொண்டு போனீர்கள். அவர் சிவப்பு போட்டதாகச் சொன்னார், நீங்கள் நம்பவில்லை. உங்களைக் குறை சொல்லமாட்டேன், திரையில் இருந்ததைத்தானே நம்புவீர்கள். என் மனைவியைச் சிறைக்கு நானே காரில் கூட்டிப்போனேன், ஒவ்வொரு தடவையும். உள்ளே போகமாட்டேன், அண்ணனும் தங்கையும் தனியாகப் பேசட்டும் என்று வெளியே இருப்பேன். அந்த அளவுக்கு நாகரிகம் எனக்கு உண்டு. போன வாரம் அவள் துணிமணிகளை எடுத்துக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போய்விட்டாள். அண்ணிக்குத் துணை வேண்டும் அல்லவா? என் தொலைபேசிக்குப் பதில் சொல்வதில்லை. துக்கத்தில் இருப்பவர்கள் அப்படித்தான்.

நான் இன்றைக்கு வந்ததற்குக் காரணம் வேறு. விபத்தை ஆராய்ந்த வல்லுநர் குழுவின் அறிக்கை நேற்று வந்தது. மச்சான் சொன்னதை அவர்கள் ஏற்றுக்கொண்டு, மென்பொருள் கோளாறால் நிறம் தானாக மாறியிருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். முதலாளி எல்லோர் முன்னிலையிலும் என்னைக் கூப்பிட்டார்.

“அந்தச் சனியனைக் கழட்டி எறியுங்க. விவரம் தெரியாம தப்பான சாமானைப் பிடிச்சுட்டு வந்துட்டீங்க. பரவாயில்லை, உங்களுக்கென்ன தெரியும். திங்கட்கிழமை பழையபடி கூட்டம்,” என்றார்.

உங்களுக்கென்ன தெரியும் என்றார். யாரோ பின்னால் சிரித்தார்கள்.

அதனால் தெளிவாகச் சொல்கிறேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மென்பொருளில் ஒரு கோளாறும் இல்லை. அது சொன்னதைச் செய்தது. எல்லா முறையும் நிறத்தை மாற்றியது நான்தான். சிவப்பு எதற்காக என்று படித்துப் புரிந்துகொண்டுதான் மாற்றினேன். அந்தப் பிரேக்குகள் கட்டடங்களுக்குப் போவதும் எனக்குத் தெரியும். மென்பொருளை விற்ற பெண் பாவம், வேலையை விட்டு நீக்கிவிட்டார்களாம். அதுதான் என் மனத்தை உறுத்துகிறது.

மச்சானா? அவரை விட்டுவிடுவீர்களா, அப்படியா? நல்லது. நான் அதை யோசித்துப் பார்க்கவில்லை.

ஆனால் ஓர் உதவி செய்யுங்கள். என் மனைவி விசாரிக்க வந்தால், அண்ணனைக் காப்பாற்றத்தான் தானாக வந்து சரணடைந்தார் என்று மட்டும் சொல்லுங்கள். அவள் நம்பிவிடுவாள். எங்கள் இருவருக்குள் ஒருநாளும் ஒளிவுமறைவு இருந்ததில்லை.