வேண்டாம் என்று மூன்று முறை சொன்னேன்

குவைத்தில் புதுக் கார் வாங்க யாரும் தனியாக வருவதில்லை, ஐயா. பேரம் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் வருவார்கள். மிஷால் தன் தாய்மாமன் பர்ராக்கோடு வந்தான். இருபத்திரண்டு வயதுப் பையன். எங்கள் ஷோரூமில் நின்ற சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைச் சுற்றிச் சுற்றி வந்தானே தவிர, விலையைக் கேட்கவில்லை.

அந்த ஒரு வண்டியில்தான் பிரேக் கோளாறு. சூடேறினால் மிதி தரைவரை இறங்கிவிடும். ஒர்க்‌ஷாப்பில் எழுதியே கொடுத்தார்கள். இதோ அந்தத் தாள். மாற்றுச் சாமான் வர இரண்டு மாதம். மாதக் கடைசிக்குள் அதை விற்காவிட்டால் என் தங்கும் அனுமதியான இக்காமாவைப் புதுப்பிக்க மாட்டேன், நாட்டைவிட்டுப் போகவேண்டியதுதான் என்றார் முதலாளி. நான் பாலஸ்தீனக்காரன். போவதற்கு எனக்கு ஊர் இல்லை.

ஆனாலும் நான் மறைக்கவில்லை. "இந்த வண்டி வேணாம், அபூ ஃபஹத். உங்களுக்கு விக்க எனக்கு மனசில்ல" என்றேன் பர்ராக்கிடம்.

பர்ராக் மருமகனைப் பார்த்துக் கண்ணடித்தார். "பாத்துக்கடா, ஆரம்பிச்சுட்டான். வேணாங்கிறான்னா ஐந்நூறு தீனார் ஏத்தப்போறான்னு அர்த்தம்."

எங்கள் கடைத்தெரு வழக்கம் அப்படி. விற்பவன் தரமாட்டேன் என்பான். சும்மாவே எடுத்துக்கொண்டு போ என்றும் சொல்வான். இரண்டையும் யாரும் நம்புவதில்லை. கைகுலுக்கி 'மப்ரூக்' என்று வாழ்த்தும்வரை வருவதெல்லாம் பேரம். அதற்குப் பிறகு வருவதுதான் நம்பும் பேச்சு.

இரண்டாம் முறை, பிரேக் சரியில்லை என்றே சொன்னேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன், விற்பவன் முகத்தில் சிரிப்பு இருக்கவேண்டும்.

"உன் நாக்குக்குத்தான் பிரேக் இல்ல, அபூ யஸான். தொள்ளாயிரம் குறை" என்றார்.

மூன்றாம் முறை சொன்னபோது பையனும் சேர்ந்து சிரித்தான்.

தொள்ளாயிரம் குறைத்தேன். பிரேக்கைச் சரிசெய்ய ஆகும் செலவும் ஏறக்குறைய அதுதான். ஆகவே விலை நியாயமான விலை. அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

நான்காம் நாள் ஃபஹாஹீல் சாலையில் மிஷால் ஒரு லாரிக்கு அடியில் போய்விட்டான்.

துக்கம் கேட்கப் போனேன். பர்ராக் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீ மூணு தடவை சொன்னியேப்பா. நான்தான் பேரம்னு நினைச்சேன். என் கையாலயே புள்ளைய அனுப்பிட்டேன்" என்றார். கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து மூன்று நாளாக அவர் சாப்பிடவில்லையாம். அதனால்தான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் இன்னும் சொல்லவில்லை. விலை படிந்து, மப்ரூக் சொல்லி, சாவியைக் கையில் கொடுத்த பிறகு மிஷால் கேட்டான்: "இதுல நான் பாத்து நடந்துக்கவேண்டியது ஏதாவது இருக்கா, அபூ யஸான்?"

பேரம் முடிந்திருந்தது. இனி நான் எதைச் சொன்னாலும் நம்புவான். அது எனக்குத் தெரியும், ஐயா.

"பெல்ட் போட்டுக்கப்பா" என்றேன்.