சலவைக்கூடத்து அக்கா கேட்ட கேள்வி

அவைக்குத் தலைமையேற்று, நான் நேரம் மீறினால் மணியடிக்கக் காத்திருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே! சுரங்கத்தின் இருளுக்குள் இறங்கி இந்த ஊருக்கு வெளிச்சம் வாங்கித் தந்த பெரியோர்களே! கடையும் காத்து, வீடும் காத்து, கை ஓயாது உழைக்கும் தாய்மார்களே! இடமின்றி நின்றபடி கேட்கும் தோழர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இன்னும் இரண்டே ஆண்டுகளில் சுரங்கம் மூடப்படும். மண்ணில் இருப்பது தீர்ந்தால், மனிதரிடம் இருப்பதும் தீர்ந்துவிடுமா?

சுரங்க வாசலுக்கு எதிரே சலவைக்கூடம் நடத்தும் அக்காவை அறிவீர்கள். திரும்பிப் பார்க்காதீர்கள், மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறார், கூச்சப்படுவார். நாள்தோறும் நானூறு சுரங்கச் சட்டைகள், ஒன்பது பெண்கள், ஒரே ஒரு வாடிக்கையாளர். மூடும் செய்தி வந்த அன்று பெண்கள் அழுதார்கள். அக்கா யோசித்தார். இந்த ஊரில் தினமும் துணி அழுக்காகும் இடம் வேறு எது?

அரசு மருத்துவமனை! அங்கே அழுக்காகும் விரிப்புகள் ஏன் லாரி ஏறி, மலை தாண்டி, வேறு நகரத்தில் வெளுத்துத் திரும்புகின்றன? நேரில் கேட்கவே அக்கா அங்கே போய்விட்டார். கொள்முதல் அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பெரிய நிறுவனத்துக்குத்தாம்மா குடுப்போம். உங்களுது சின்னக் கடை."

"எவ்ளோ பெரிசா இருக்கணும்னு சொல்றீங்க, சரி. எவ்ளோ சுத்தமா இருக்கணும்னு சொல்லவே இல்லையே சார்?"

யார் அந்த அதிகாரி என்கிறீர்களா? உங்கள் முன்னால் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நானேதான்!

சிரியுங்கள், தகும். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வி என்னைக் குடைந்தது. விதிப்புத்தகத்தை எடுத்து வரிவரியாகப் படித்தேன். 'பெரிய நிறுவனம்' என்று ஒரு சொல்லும் அதில் இல்லை! வெறும் வழக்கத்தை விதியென்று பதினாறு ஆண்டுகள் நம்பியிருக்கிறேன்.

பத்து விரிப்புகளைக் கொடுத்தேன். பளிச்சென்று வந்தன. மருத்துவமனை ஆய்வகமோ தேறவில்லை என்றது. கறை போயிருந்தது, கிருமி போகவில்லை.

"ஏன் போகல? எத்தன டிகிரி சூடு வேணும்? எவ்ளோ நேரம்?" என்று ஆய்வகத்துப் பெண்ணைத் துளைத்தெடுத்தார் அக்கா. கொதிகலன் பழுதுபார்க்கும் அவர் தம்பி சூட்டைக் கூட்டிக் கொடுத்தார். இரண்டாம் முறையும் தோல்வி. மூன்றாம் முறை தேறியது! மருத்துவமனை முழுவதற்குமாக இருந்த ஒரே ஒப்பந்தத்தை நான் வார்டு வார்டாகப் பிரித்தேன். இரண்டு வார்டுகள் அவருக்குக் கிடைத்தன, இன்று ஆறு. ஒன்பது பெண்கள் பதினான்கு பேராகிவிட்டார்கள்.

என்ன ஐயா? "எல்லாருக்கும் ஆஸ்பத்திரி கிடைக்குமா?" என்றா கேட்கிறீர்கள்? கிடைக்காது. சுரங்கக் காலணி தைப்பவர் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால், அவர் தனியாகத் தேட வேண்டுமா? வாங்கும் இடத்தில் அமர்ந்திருப்பவர்களே, இதை உள்ளூரில் யார் செய்வார் என்று கேட்டோமா? முடியாது என்றால், எதைக் கற்றுக்கொடுத்தால் முடியும் என்றாவது கேட்டோமா? கேட்காமலேயே கைவிரித்தது யார் குற்றம்?

நாளைக் காலை பத்து மணிக்கு, நாங்கள் வெளியூரில் வாங்கும் இருநூற்றுப் பன்னிரண்டு பொருள்களின் பட்டியலை என் அலுவலகக் கதவில் ஒட்டுகிறேன். வாருங்கள்! "இத ஏன் எங்ககிட்ட வாங்கல?" என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். பதில் சொல்ல முடியாமல் நான் திணற வேண்டும். அதுதான் என் ஆசை!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி சொல்லி, நாளை உங்களை எதிர்பார்த்து, வணங்கி விடைபெறுகிறேன்.