எஃப்ஐஆர் போடுகிற அளவுக்கு

எனக்குக் குழந்தைகள் என்றால் பிடிக்கும். வரிசையில் நின்றால் இன்னும் பிடிக்கும். இன்ஸ்பெக்டர் சார், என் பெயர் கோமளவல்லி. திருத்தணியில் ஒரு தனியார் பள்ளியின் தலைமையாசிரியை. எந்தப் பிள்ளையையும் நான் அடித்ததில்லை. அடிப்பது சட்டப்படி தவறு.

தணிகைவேல் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிப்பட்டில் தறி ஓட்டுகிறவரின் மகன். ஒருநாள் காலை வழிபாட்டில் மைக் வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டு, என் குரலில், என் மூக்கால், "டியர் சில்ட்ரன், சிரிக்காதீங்க, பல்லு தெரியுது" என்றான். மைக் நன்றாகவே வேலை செய்தது. பள்ளியே சிரித்தது. பிள்ளைகள் சிரித்ததைப் பொறுத்துக்கொண்டேன். உடற்கல்வி ஆசிரியர் டில்லிபாபுவும் விசிலைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இந்த மலையில்தான் முருகனுக்கே கோபம் தணிந்தது என்பார்கள். அவர் பள்ளிக்கூடம் நடத்தியதில்லை.

பையனைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போனேன். மைக்கை உடைத்துவிட்டான், இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்புங்கள் என்றேன். உடைந்த மைக்கையும் காட்டினேன். உடைத்தது நான்தான், ஆதாரம் வேண்டுமே.

உதவி ஆய்வாளர் பரந்தாமன் நாற்காலி போட்டார். "இதுக்கெல்லாம் எஃப்ஐஆர் போட முடியாதுங்க மேடம். சின்னப் பசங்க சமாச்சாரம். டைரில எழுதிகினு, புத்தி சொல்லி, அப்பாகூட அனுப்பிடுவோம்."

"அப்ப எதுக்குத்தான் போடுவீங்க?"

"கொலை கிலைன்னா போடலாம்." சிரித்தார். "இவனைப் பாத்தா அப்படியா கீது?"

தணிகைவேல், தகவல் கேட்டு ஓடிவந்திருந்த அவன் நைனாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "சாரிங்க மேடம், இனிமே பண்ண மாட்டேன்" என்றான். அதையும் என் குரலிலேயே சொன்னதுபோல எனக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்து சட்டத்தைப் படித்தேன். பரந்தாமன் சொன்னது சரிதான். குழந்தைகள் விஷயத்தில் சட்டத்துக்கு ரொம்பவே கனிவு. கொடிய குற்றமாக இருக்க வேண்டுமாம். என்னிடம் பையன் இருந்தான். குற்றம் மட்டும்தான் இல்லை.

டில்லிபாபுவுக்கு மதியம் மோர் வேண்டும். கேன்டீனிலிருந்து தணிகைவேல்தான் எடுத்துப்போவான். அன்று அவனை வழியில் நிறுத்தி, சட்டையை ஒழுங்காக உள்ளே விட்டுக்கொண்டு வரச் சொன்னேன். அவன் வரும்வரை சொம்பை நான் வைத்திருந்தேன். எலிக்கு வாங்கியிருந்ததைக் கலந்தேன். பிறகு கை கழுவிக்கொண்டு போய்ப் பாடம் எடுத்தேன்.

டில்லிபாபு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்தார். இரங்கல் கூட்டத்தில் நான்தான் பேசினேன். யாரும் சிரிக்கவில்லை.

நீங்கள் பையன்மீது எஃப்ஐஆர் போட்டீர்கள். எல்லாம் முறைப்படி நடந்தது. ஒன்றுதான் இடித்தது. டில்லிபாபு தினமும் பாதி மோரை அவனுக்கே கொடுப்பார், அன்றும் கொடுத்திருக்கிறார். விஷம் வைத்தவன் அதைத் தானே குடிப்பானா என்று நீங்கள் யோசித்தீர்கள். அவன் ஆஸ்பத்திரியில் கண் விழித்து, "மேடம்தான் சொம்பைப் புடிச்சிகினு இருந்தாங்க" என்றானாம். பொய் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் நல்ல பையன்.

பாதி கொடுப்பது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். என் அறை ஜன்னலிலிருந்து தினமும் பார்ப்பேன். சின்ன வயது, தாங்குவான் என்று நினைத்தேன். தாங்கினான்.

ஆம், கலந்தது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், சொல்லுங்கள். ஆனால் டில்லிபாபுவின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தவன் அவன். அதற்கும் ஒரு பிரிவு இருக்கும். நன்றாகத் தேடிப் பாருங்கள்.