காலி எடை

இல்லங்க தம்பி, லிட்டருக்குப் பன்னெண்டே முக்கால்னு சொன்னா பன்னெண்டே முக்கால்தான். பதிமூணுன்னு சொல்லி விக்க எனக்கு வாய் வராது. இந்தாங்க, நோட்டைப் பாருங்க. தேதி, கிலோமீட்டர், லிட்டர். அடிச்சுத் திருத்துன இடம் ஒண்ணு இருந்தா காட்டுங்க.

ஸ்டார்ட் பண்ணிக் காட்டறேன், இருங்க. மொதல்ல இதைக் கேட்டுக்குங்க. வேலைக்கு எவ்வளவு தூரம் போவீங்கன்னு சொன்னீங்க? நூத்திப்பத்தா? ஒரு வழிக்கு? என் பையனுக்கு நூத்திப்பதினெட்டு. போக வர இருநூத்தி முப்பத்தாறு. எல்லாம் பெரிய ரோடு, அதனால உங்களுக்கும் இதே கணக்குதான் வரும். ஊருக்குள்ள ஓட்டுனா ஏழுதான் குடுக்கும். அதையும் சொல்லிடறேன், பெரியவர் மறைச்சுட்டாருன்னு நாளைக்குப் பேச்சு வரக்கூடாது.

டேஷ்போர்டுல காட்டற நம்பரை நம்பாதீங்க. அது அரை கிலோமீட்டர் கூட்டித்தான் காட்டும். வண்டி செஞ்சவனே வண்டியைப் புகழ்ந்துக்கறான், வேற என்ன.

ஆமா, முந்நூறு குதிரைச் சக்தி. வாங்குன புதுசுல ஒம்போதரைக்கு மேல வரல. மொதல் பக்கத்துல இருக்கு பாருங்க. அப்புறம் பத்து, பதினொண்ணேகால், பன்னெண்டு. நான் ஏத்துனதுதான்.

எனக்கு ஓட்டத் தெரியாது தம்பி. சிரிக்காதீங்க. ஓட்டறவனைக் கணக்குக் கேக்கறதுக்கு ஓட்டத் தெரியணுமா?

ஒரு விஷயம், இதை யார்கிட்டயும் நான் சொன்னதில்ல. எனக்கு மைலேஜ் மேல ஒண்ணும் ஆசை கிடையாது. இவன் இந்த வண்டியைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்துன அன்னிக்கு எனக்கு அந்த முந்நூறை நெனச்சுத்தான் பயம். மெதுவாப் போடான்னு சொல்லணும். நமக்கு அப்படியெல்லாம் பேச வராது. அவன் சின்னதுல இருந்தே நாங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசுனது கம்மி. அதான், எத்தன குடுக்குதுன்னு கேட்டேன். மைலேஜ் வேணும்னா தொண்ணூறு, நூறுக்கு மேல மிதிக்க முடியாதில்ல? தானா அடங்கிருவான்னு ஒரு நெனப்பு.

அடங்குனான். அவனுக்கும் அது விளையாட்டாப் போச்சு. மூணு நாளைக்கு ரெண்டு தடவை எனக்கு போன் வரும். அப்பா, பெட்ரோல் லைட் எரிஞ்சிருச்சு, எழுதிக்குங்கன்னு. முந்நூறு குதிரையை வாங்கிக் குடுத்துட்டு ஒரு குதிரை நடையில ஓட்டச் சொல்றீங்களேப்பாம்பான். வாங்குனது அவன் காசு, பேச்சு மட்டும் அப்படி. எங்களுக்குள்ள அத்தன பேச்சு அதுக்கு முன்னாடி இருந்ததே இல்ல தம்பி.

இப்பவும் அந்த நேரத்துக்குக் காது தானா போன் பக்கம் போகுது.

என்ன? இல்ல, அவன் இப்ப ஓட்டறதில்ல. ஞாயித்துக்கிழமைக்குள்ள வண்டி போயாகணும்னு மருமக சொல்லிட்டா. அவ ரூம் ஜன்னலைத் திறந்தா இதுதான் தெரியும். நாலு மாசமா அவ ஜன்னலைத் திறக்கல. உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் வந்தாங்க. ஸ்டார்ட் பண்ணச் சொன்னாங்க. நான் பேசிக்கிட்டே இருந்தேனா, போயிட்டாங்க.

ஆக்சிடென்ட்டா? கீழ குனிஞ்சு நல்லாப் பாருங்க. வண்டியில ஒரு கீறல் கிடையாது. சத்தியமா வண்டிக்கு ஒண்ணும் ஆகல.

டிக்கியா, திறங்க. அந்த கேனா? அது கிடக்கட்டும். ஆமா, ஒரு பக்கம் நசுங்கியிருக்கு. ஒழுகல, நான் தினம் பாக்கறேன்.

இப்படி உக்காருங்க. எங்க விட்டேன்? ஆங், லைட். நான் முப்பத்தோரு வருஷம் எடை மேடையில வேலை பாத்தவன். லாரி மொதல்ல காலியா ஏறும், அப்புறம் சரக்கோட ஏறும். அதுல இதைக் கழிச்சாத்தான் சரக்கு எவ்வளவுன்னு தெரியும். காலி எடை தெரியாம ஒரு சீட்டு நான் கிழிச்சுக் குடுத்ததில்ல. அதே புத்திதான் இங்கயும். அரை டேங்குக்கு மேல போடாதடான்னேன். ஒரு லிட்டர் முக்கா கிலோ, எதுக்கு வெட்டியா சுமக்கறேன்னேன். பாவம், அதையும் கேட்டான். அப்புறம் கணக்குப் போட்டுப் பாத்தேன், அதுல மிச்சமாறது லிட்டருக்கு அம்பது மீட்டர்கூட இல்ல.

லைட் எரிஞ்ச பிறகும் டேங்குல ஏழு லிட்டர் இருக்கும்னு வண்டியோட வந்த புஸ்தகத்துல போட்டிருக்கு. அது எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ஏழா, ஆறா? யார் அளந்தா? ஒரே ஒரு தடவை நிக்கற வரைக்கும் ஓட்டிப் பாத்துருடா, வண்டியோட காலி எடை தெரிஞ்சுரும்னு நான்தான் சொன்னேன். கேனும் நான்தான் வாங்கிக் குடுத்தேன். அஞ்சு லிட்டர் கேன். நிரப்பி வெச்சுக்கவாப்பான்னு கேட்டான். வேண்டாம், நாலு கிலோ கூடும், கணக்கு இடிக்கும், பங்க் எங்கயும் பக்கத்துலதான இருக்குன்னேன்.

காலையில ஏழு இருபதுக்கு போன். அப்பா, நின்னுபோச்சு. லைட் எரிஞ்சு தொண்ணூத்தோரு கிலோமீட்டர். ஏழு லிட்டர் கரெக்ட்டுன்னு சிரிக்கிறான். நல்லா வந்திருக்குடான்னேன். அவ்வளவுதான் சொன்னேன். ஓரமா நடடான்னு ஒரு வார்த்தை வரல தம்பி. போனை வெச்சுட்டு சந்தோஷமா எழுதிட்டு இருந்தேன். கடைசிப் பக்கத்துல இருக்கு பாருங்க, தொண்ணூத்தி ஒண்ணு. மத்ததைவிடக் கொஞ்சம் அழகா இருக்கும் அந்த எழுத்து.

பங்குக்குப் போய் வாங்கிட்டுத் திரும்பி வந்திருக்கான். அப்புறம் நான் போய் நடந்து அளந்தேன். லாரி அவனைத் தட்டுன இடத்துல இருந்து வண்டிக்கு இருநூத்தி நாப்பது மீட்டர்தான் பாக்கி. கேன் புல்லுல கிடந்துச்சாம். இந்த வண்டியை வேற ஒரு லாரி மேல ஏத்திக் கொண்டாந்து இங்க இறக்குனாங்க.

அய்யோ, நீங்க எதுக்குத் தம்பி எந்திரிக்கிறீங்க. உக்காருங்க. உங்களுக்கு வண்டி வேணும், அவளுக்கு ஜன்னலைத் திறக்கணும்.

வண்டி ஸ்டார்ட் ஆகாது, டேங்குல ஒரு சொட்டு இல்ல. அவன் வாங்குனது அந்தக் கேன்லயே இருக்கு. மூடி அவன் திருகுனது, நான் இன்னும் திறக்கல. நீங்களே ஊத்துங்க. மெதுவா, சிந்தாம. அஞ்சு லிட்டரும் உள்ள போகணும். நான் எழுதிக்கறேன்.