அரை லிட்டர் தேநீர்

லொரைன்: அப்படியெல்லாம் எழுத முடியாது, நெவில்.

நெவில்: ஏன் முடியாது? 'பேனா பிடித்து எழுத முடியுமா?' இதானே கேள்வி? 'முடியும், சமாளிச்சுக்குவேன்'னு போடுங்க. அடுத்த கேள்விக்குப் போவோம்.

லொரைன்: சரி. அதை இப்ப யாரு எழுதறது?

நெவில்: நீங்கதான்.

லொரைன்: ஏன் நான் எழுதறேன்?

நெவில்: உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு...

லொரைன்: நெவில்.

நெவில்: ...சரிம்மா. பேனா நழுவுது. போதுமா? அதுக்காக அதைப் போய் அரசாங்கத்துக்கா சொல்றது?

லொரைன்: அரசாங்கத்துக்குத்தான் சொல்லணும். 'விண்ணப்பதாரரால் பேனாவைப் பற்றியிருக்க இயலவில்லை. இம்மனுவையும் அவர் சொல்லச் சொல்லப் பிறரே எழுதுகிறார்.' எழுதியாச்சு.

நெவில்: அடேயப்பா... 'இயலவில்லை'. பாதிரியார் பிரசங்கம் மாதிரி இருக்கு. நான்தான் செத்துட்டேனோன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன்.

பெவ்: பட்டாணி சூப் தீரப் போகுது! நெவில் கண்ணு, உனக்கு ஊத்தவா?

நெவில்: ஊத்து, பெவ். பாதிக் கிண்ணம் போதும்.

பெவ்: எப்பப் பாரு பாதிக் கிண்ணம்! பள்ளிக்கூடத்துல என் ரொட்டியையும் சேத்துத் தின்ன ஆளுதானே நீ? இதோ பாருங்க ரெண்டு பேரும், நாலரைக்கு ஹாலைப் பூட்டிடுவேன். இலவச சூப்பும் ஹீட்டரும் அதோட சரி. அடுத்த செவ்வாய்க்கிழமைதான் மறுபடி சூடு.

லொரைன்: நாலரைக்குள்ள முடிச்சிடுவோம், பெவ். அஞ்சு மணித் தபால்ல இது போயாகணும். விட்டா கெடு தாண்டிடும். அப்புறம் நீதிமன்றமே திரும்பிப் பாக்காது.

பெவ்: அந்தக் கடுதாசியா? இவனை 'வேலைக்குத் தகுதியானவர்'னு சொல்லிச்சே, அதுவா?

நெவில்: அதேதான். அறுபத்தொரு வயசுல பாராட்டுப் பத்திரம். சுவத்துல மாட்டலாம்னு பாக்கறேன்.

பெவ்: ஆணி அடிக்கக் கை வருமா உனக்கு?

நெவில்: நீ வந்து அடிச்சுக் குடு.

பெவ்: பாத்தியா, வாய்க்கு மட்டும் வாதம் வரலை!

லொரைன்: பெவ், போகும்போது அந்த அலமாரியிலேர்ந்து பூனைச் சாப்பாட்டு டப்பா ஒண்ணு எடுத்து இவர் பையில போட்டுடுங்க.

பெவ்: மத்தி மீனா, கோழியா?

நெவில்: ...ஏதோ ஒண்ணு.

லொரைன்: போன வாரம் கொடுத்தது பிடிச்சுதா அதுக்கு?

நெவில்: அதுகிட்டேர்ந்து ஒரு புகாரும் வரலை.

பெவ்: குடுத்து வெச்ச பூனை. நான் ஊத்தற சூப்புக்கு இந்த ஹால்ல இருபது புகார். சரி சரி... எழுதுங்க. அந்தப் பக்கம் யாரோ கேக்கை ரெண்டு ரெண்டா எடுக்கறாங்க, நான் போறேன்.

லொரைன்: நெவில், இங்க பாருங்க. உங்களால வேலை செய்ய முடியாதுன்னு அவங்க ஒத்துக்கப் பதினஞ்சு மார்க் வேணும். உங்களுக்கு என்ன போட்டிருக்காங்க?

நெவில்: முட்டை.

லொரைன்: மறுபடி பாருங்கன்னு ஒருதரம் கேட்டோம். அதே முட்டை. இந்த மனுதான் கடைசிக் கதவு. இதுவும் சாத்திட்டா?

நெவில்: வாரத்துக்கு முப்பத்தஞ்சு மணி நேரம் வேலை தேடணும். ஒருநாள் தவறினாலும் உதவித்தொகையை வெட்டிடுவாங்க. தெரியும்மா. நேத்து வேலைவாய்ப்பு ஆபீஸ்ல ஒரு பையன், பாவம், அவன் டை அவனையே நெரிக்குது, ஒரு வேலை தேடிக் குடுத்தான் பாருங்க.

லொரைன்: என்ன வேலை?

நெவில்: துறைமுகத்துல மீன் வெட்டற வேலை.

லொரைன்: எந்தக் கம்பெனி?

நெவில்: என்னை அனுப்பின அதே கம்பெனி. கத்தி கையில நிக்கலைன்னு ரெண்டு வருஷம் முன்னாடி, ரொம்ப மரியாதையா, கையைக் குலுக்கி அனுப்பினாங்களே... அதே இடம். அவங்க கையைக் குலுக்கினதே வலிச்சுது.

லொரைன்: நீங்க அந்தப் பையன்கிட்ட சொல்லலையா?

நெவில்: என்னன்னு? நன்றிப்பான்னு சொல்லி சீட்டை வாங்கிக்கிட்டேன். அவனுக்கும் மேல ஒருத்தன் இருப்பான்ல?

லொரைன்: இதான் உங்க வியாதி. கை இல்லை, இதுதான். ஃபோன்ல நேர்காணல் பண்ணாங்களே, நவம்பர்ல... முதல் கேள்வி என்ன?

நெவில்: 'எப்படி இருக்கீங்க?'

லொரைன்: நீங்க என்ன சொன்னீங்க?

நெவில்: குறை ஒண்ணும் இல்லைன்னேன்.

லொரைன்: ஐயோ...

நெவில்: பின்ன? முன்னப்பின்ன தெரியாத ஒரு பொண்ணு மரியாதையாக் கேக்குது. முழங்கால்லேர்ந்து ஆரம்பிச்சு ஒப்பாரியா வைக்கறது? எங்கப்பா மீன்பிடிக் கப்பல்ல ரெண்டு விரலை விட்டுட்டு வந்தாரு. ஆஸ்பத்திரியில போய்ப் பாத்தா 'குறை ஒண்ணும் இல்லைடா, டீ மட்டும் கொஞ்சம் தண்ணி'ன்னாரு. இந்த க்ரிம்ஸ்பி ஊர்ல வேற எப்படிச் சொல்றது?

லொரைன்: அந்தக் 'குறை ஒண்ணும் இல்லை'தான் ரிப்போர்ட்ல முதல் வரி. அதுக்குக் கீழ எல்லாமே 'சமாளிக்கிறார்', 'சமாளிக்கிறார்', 'சமாளிக்கிறார்'. படிச்சீங்கல்ல?

நெவில்: சமாளிச்சதைத்தானே சொன்னேன்.

லொரைன்: எப்படிச் சமாளிக்கறீங்க? இப்பச் சொல்லுங்க. மாடிக்குப் படுக்கப் போறது?

நெவில்: போறதில்லை. நாற்காலியிலேயே தூங்கிடுவேன். நல்ல நாற்காலி.

லொரைன்: குளிக்கறது?

நெவில்: ...வேற கேள்வி இருக்கா?

லொரைன்: இருக்கு. இந்தக் கேள்விதான் முக்கியம். நல்லாக் கேளுங்க. அரை லிட்டர் பால் டப்பா. நிறைய பால். அதை எடுத்து வேற இடத்துல வைக்க முடியாதுன்னா, அது ஒண்ணுக்கே பதினஞ்சு மார்க். வேற எதுவுமே வேண்டாம். மனு ஜெயிச்சுது.

நெவில்: அரை லிட்டர்தானா?

லொரைன்: அரை லிட்டர்தான். ஒருதரம் தூக்கிட்டாப் போதாது. தூக்கணும், கொட்டாமக் கொண்டு போகணும், கேக்கறப்பல்லாம் செய்யணும். உங்க கையிலேர்ந்து எதாவது விழுந்திருக்கா?

நெவில்: இல்லை.

லொரைன்: யோசிச்சுச் சொல்லுங்க.

நெவில்: இல்லைம்மா.

லொரைன்: நவம்பர்ல? ஃபோன் பேசிக்கிட்டிருந்தப்போ?

நெவில்: ஃபோன் பேசினப்போவா?

லொரைன்: சும்மா... பொதுவாக் கேட்டேன். ஃபோன் பேசும்போது டீ குடிக்கறது எல்லாருக்கும் வழக்கம்தானே.

நெவில்: ம். வழக்கம்தான்.

லொரைன்: அப்ப?

நெவில்: ஒரு கோப்பை விழுந்துச்சு.

லொரைன்: எவ்வளவு பிடிக்கும்?

நெவில்: அரை லிட்டர் இருக்கும். கம்பெனி குடுத்தது. முப்பது வருஷம் மீன் வெட்டினதுக்கு ஒரு கோப்பை. பெரிய மேனேஜர் வந்து ஃபோட்டோ எல்லாம் எடுத்தாரு. அந்தப் பொண்ணு 'நிதானமா இருங்க, தண்ணி எதாவது குடிக்கறதுன்னா குடிங்க, நான் காத்திருக்கேன்'னுச்சு. சரி, டீயே போட்டுக்கலாம்னு போட்டேன். ரெண்டு கையாலயும்தான் தூக்கினேன். மேஜைக்கு ரெண்டு அடி இருக்கும்போது... விரலெல்லாம் என்னுது இல்லாத மாதிரி விட்டுடுச்சு. கொதிக்கற டீ, நேரா பாதத்துல.

லொரைன்: டாக்டர்கிட்ட காட்டினீங்களா?

நெவில்: வெண்ணெய் தடவினேன்.

லொரைன்: வெண்ணெயா! நான் பதினெட்டு வருஷம் நர்ஸா இருந்தவ, என்கிட்டயே வெண்ணெய்ங்கறீங்களே...

நெவில்: ஆறிடுச்சும்மா. வடு மட்டும் இருக்கு. கோப்பையிலதான் 'நன்றி'ங்கற எழுத்து ரெண்டாப் போச்சு.

லொரைன்: இதை எழுதறோம்.

நெவில்: வேண்டாம். யாரு நம்புவா? நாலு மாசம் கழிச்சு வந்து கோப்பை விழுந்துச்சுங்கறான், கதை கட்டறான்னு சொல்லுவாங்க. டாக்டர் சீட்டு இல்லை. பாத்த ஆள் இல்லை.

லொரைன்: கேட்ட ஆள் இருக்குல்ல?

நெவில்: அந்தப் பொண்ணா? கேட்டிருந்தா எழுதியிருக்குமே.

லொரைன்: ...கேட்டும் எழுதாம விட்டிருந்தா?

நெவில்: அதைத் திட்டாதீங்க. நல்ல பொண்ணு. மரியாதையாப் பேசிச்சு. நான் சொன்னதை நம்பியிருக்கும், அவ்வளவுதான்.

லொரைன்: நம்பலை.

பெவ்: பத்து நிமிஷம்தான் இருக்கு! நாற்காலி எல்லாம் அடுக்கணும். என்ன ரெண்டு பேரும் சாவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?

நெவில்: கஷ்டமான கேள்வி, பெவ். நீ போய் அந்த மூலையிலேர்ந்து அடுக்கு.

பெவ்: என்னை விரட்டறதுன்னா மட்டும் கை நல்லா ஆடுது உனக்கு! போறேன், போறேன்.

லொரைன்: நெவில்... நான் ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன். நேத்தே எழுதிட்டேன். மனுவோட சேத்து வைக்கணும். படிக்கட்டுமா?

நெவில்: உங்க பிரசங்க பாஷையிலயா?

லொரைன்: அப்படித்தான் எழுத வருது. 'சென்ற நவம்பர் மாதம் பதினான்காம் நாள் பிற்பகல், மேற்படி விண்ணப்பதாரரின் தொலைபேசி நேர்காணலை நடத்தியவள் நானே. உரையாடலின் நடுவே கனமான பொருளொன்று விழுந்து உடைந்த ஓசையையும், அதனைத் தொடர்ந்து அவர் வலியால் அலறியதையும் நான் என் காதால் கேட்டேன். அவற்றை என் அறிக்கையில் நான் குறிப்பிடவில்லை. அது என் பிழை.' கீழ என் பேர், கையெழுத்து. அன்னிக்கு நீங்க ஏழாவது ஆளு. திரையில ஒரு கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கும், ஒரு ஆளுக்கு இவ்வளவு நிமிஷம்னு. 'பூனை தட்டி விட்டுடுச்சு, ஒண்ணுமில்லைம்மா'ன்னீங்க. 'பரவாயில்லை'ன்னு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். சௌகரியமாப் போச்சு எனக்கு. ஆனா வெந்தவங்க போடற சத்தம் எனக்குத் தெரியும், நெவில். வார்டுல எத்தனை பேரைக் கேட்டிருக்கேன்... அது பூனைக்காகப் போட்ட சத்தம் இல்லை. ரெண்டு வாரத்துல அந்த வேலையை விட்டுட்டேன். விட்டா மட்டும் ஆச்சா?

நெவில்: மறுபடி ஆஸ்பத்திரி வேலைக்குப் போறேன்னு பெவ்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தீங்களே?

லொரைன்: திங்கக்கிழமை சேரணும்.

நெவில்: இதுல பேரு போட்டா?

லொரைன்: அங்க கேட்டதை வெளிய சொல்லமாட்டேன்னு எழுதிக் குடுத்துத்தான் அந்த வேலையில சேர்ந்தேன். கேள்வி வரும். அந்தக் கேள்வி வார்டு வரைக்கும் போகலாம், வேலையும் போகலாம்.

நெவில்: அப்ப கிழிச்சுப் போடுங்க. நான் எப்படியாவது சமாளி...

லொரைன்: அந்த வார்த்தையைச் சொன்னீங்க, இந்தச் சூப்பைத் தலையில கொட்டுவேன்! உறையில விலாசம் எழுதியாச்சு. தபால் தலையும் போட்டாச்சு. உள்ள வைக்க வேண்டியதுதான் பாக்கி. கோபமா இருந்தா திட்டிடுங்க. முதல் நாள் நீங்க வந்து உக்காந்து அந்தக் கடுதாசியை நீட்டினீங்க. பேரைப் பாத்ததும் எழுந்து ஓடலாம்னு இருந்துச்சு. அஞ்சு செவ்வாய்க்கிழமை... சொல்லணும் சொல்லணும்னு வருவேன். வாய் வரலை.

நெவில்: எனக்கும்தான் வரலை.

லொரைன்: உங்களுக்கு என்ன வரலை?

பெவ்: விளக்கை அணைக்கறேன்! நெவில், உன் பூனை டப்பாவை மறந்துட்டுப் போறே பாரு. மத்தி மீன்.

நெவில்: அது அலமாரியிலேயே இருக்கட்டும், பெவ். வீட்டு ஜன்னலோரம் ஏற்கெனவே நாலு நிக்குது.

லொரைன்: நாலுமா? ஏன், சாப்பிடலையா அது?

நெவில்: முதல் செவ்வாய்க்கிழமை கடுதாசியை மடிச்சு வெச்சிட்டு, 'பூனைக்கு எதாவது வேணுமா?'ன்னு கேட்டீங்க. பூனைங்கற பேச்சை அதுக்கு முன்னாடி நான் என் வாழ்நாள்ல ஒரே ஒரு ஆள்கிட்டதான் எடுத்தேன்... அதுவும் ஃபோன்ல. பேனாவை எடுங்கம்மா. உங்க காகிதத்துல பாதிப் பிழைதான் இருக்கு, மீதியையும் சேத்துடுங்க. உங்க பாஷையிலயே சொல்றேன்: 'மேற்படி விண்ணப்பதாரரிடம் பூனை எதுவும் இல்லை. என்றைக்கும் இருந்ததில்லை.'