பன்னெண்டு குப்பியும் பட்டாசும்

காலையில பத்தே காலு, பன்னெண்டு குப்பி, பட்டாசு. நெஞ்சு வலி எப்படி ஆரம்பிச்சுதுன்னு கேட்டா இதைத்தான் சொல்லணும் சிஸ்டர். வெடியில்ல, ஆளு. எங்க லேப்ல எனக்கு ஆறு வருஷம் பின்னாடி சேந்த பொண்ணு. பட்டப்பேரு நான் வெச்சது.

பேசக் கூடாதா? மாத்திரை நாக்குக்கடியிலதான் இருக்கு, முழுங்கல. இது என்ன பண்ணும்னு எனக்கு அத்துப்படி. உள்ள போய் நைட்ரிக் ஆக்சைடை விடும். ரத்தக்குழாய்ச் சுவத்துல ஒரு நொதி தூங்கிட்டிருக்கு, அதுக்கு நடுவுல ஒரு இரும்பு. வாயு வந்து அந்த இரும்புல ஒட்டுனதும் நொதி முழிச்சுக்கும், குழாய் தளந்து குடுக்கும். அந்த நொதியைச் சுத்தமாப் பிரிச்சு எடுக்க நாலு வருஷம் நாயா அலைஞ்சவன் நான்.

ஆனா புரொபசர் கதவைத் திறந்ததும் யாரைக் கேப்பாரு? அவளை. நான் எதிர்லயே நிப்பேன், கோட்டு மாட்டுற கம்பி மாதிரி. அவ வந்து, அண்ணா சாப்டீங்களாம்பா. திமிரா இருந்தாக்கூடத் திட்டித் தீத்துக்கலாம். அதுவும் இல்ல.

அன்னைக்கு அவ நொதியில வாயுவை ஏத்தி, பன்னெண்டு குப்பியையும் மூடி வெச்சிட்டு, புரொபசர் கூப்பிட்டாருன்னு போனா. திரும்பி வந்து பாத்தா, இரும்புல வாயு ஒட்டுன நிறம் அப்படியே இருக்கு, நொதி மட்டும் அரைத் தூக்கத்துல. வேற யாராவது இருந்தா கீழ ஊத்திட்டுப் போயிருப்பாங்க. இவ இன்னும் கொஞ்சம் வாயு விட்டுப் பாத்தா. எழுந்து உக்காந்துருச்சு! இரும்புல ஒட்டுனது மட்டும் பத்தாது, முழுசா முழிக்க மேக்கொண்டும் வாயு வேணும்னு புடிச்சிட்டா. லேப்பே கை தட்டுச்சு. நானும்தான்.

வாயு எப்படிக் கொறஞ்சுதா? நல்லாக் கேட்டீங்க. அதை இதுவரைக்கும் அவளே கேக்கல. மூடி லூசுன்னு நெனச்சுட்டா.

நான்தான் திறந்தேன். குப்பிக்கு ரெண்டு நொடி. கெட்டுப் போகட்டும்னுதான். இப்ப அது என் கண்டுபிடிப்புன்னு எந்த வாயால சொல்றது சொல்லுங்க?

இல்ல, வலி கொறஞ்சிருக்கு. மாத்திரை கேக்குது.

ஜூன் பதினொண்ணாம் தேதி அவ கட்டுரை அச்சுல வந்துச்சு. இன்னைக்குக் காலையில பத்தே காலுக்குத்தான் எடுத்துப் படிச்சேன். கடைசி வரியில, குப்பிகளைப் பத்திரமாப் பாத்துக்கிட்டதுக்கு எனக்கு நன்றி சொல்லியிருக்கா.